சிலி நாட்டு ராகு காலம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். பேனாவை எடுப்பேன், கடைக்கு ஆள் வந்துவிட்டது என்று கீழே வைப்பேன். (ஆள் வந்திருக்காது.) எட்டாவது படித்தவன் எழுதினால் யார் படிப்பார்கள் என்பது நானே எனக்குச் சொல்லிக்கொண்ட சாக்கு. நிஜமான காரணம் வெட்கம். வடிவுடையம்மன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு இன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன்.

திருவொற்றியூரில் கோயிலுக்குப் போகிற தெருவில் எனக்குப் பூஜை சாமான் கடை. கற்பூரம், திரி, எலுமிச்சம்பழம். இவற்றோடு காசு வாங்காமல் ஒரு சரக்கும் கொடுப்பேன்: நல்ல நேரம். "நைனா, இன்னிக்கு ராகு காலம் எப்போ?" என்று ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தாமலே கேட்பார். நான் தலையை நிமிர்த்தாமலே சொல்வேன். தெருவில் என் பேரே காலண்டர் நைனாதான். சும்மா சொல்லிவிட்டு விடவும் மாட்டேன். காலண்டரில் அச்சடித்திருப்பது பொதுக் கணக்கு, நிஜக் கணக்கு என்பது சூரியன் உதிப்பதிலிருந்து மறையும் வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கை ராகுவுக்கு ஒதுக்குவது என்று, திரி வாங்க வந்தவரைப் பிடித்து நிறுத்திப் பாடம் எடுப்பேன். (இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்பட்ட சமயத்தில் நான் மறந்துவிட்டேன்.)

என் ஒரே பிள்ளை குமரன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். ஒரு மார்கழியில், சிலி நாட்டுத் துறைமுகம் ஒன்றில், கப்பலைக் கட்டுகிற இரும்புக் கயிறு அறுந்து அவன் இடது பாதத்தை நசுக்கிவிட்டது. அவனை அங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு கப்பல் கிளம்பிவிட்டது. கம்பெனியின் சென்னை ஆள் "ஒண்ணும் பயப்படாதீங்க சார்" என்று ஒரு தடவை சொன்னார். அதற்கப்புறம் போனை எடுப்பதே அபூர்வம்.

குமரன் வலி மருந்து மயக்கத்தில் 'நல்லாத்தான் கீறேன்' என்பதோடு சரி; விவரம் தெரிய எங்களுக்கு இருந்த ஒரே வழி மரிசோல் என்ற நர்ஸ். தினமும் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு (அவர்களுக்கு அது காலை) குமரனின் போனிலிருந்து வீடியோவில் கூப்பிடுவாள். அந்தப் பெண்ணுக்கு ஸ்பானிஷ் தவிர வேறு பாஷை கிடையாது. மொழிபெயர்க்கிற ஆப் இருக்கிறதே என்பீர்கள். நான் பேசிய தமிழைக் கேட்டு அது திகைத்து நின்றுவிட்டது. எங்களுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் எப்போது, எப்போது என்பதுதான். எப்போது கட்டு மாற்றினார்கள்? எப்போது ஜுரம் ஏறியது? எந்தத் தேதிக்கு அனுப்புவார்கள்? ஆகவே என் மருமகள் தேவி, போனில் பாடம் பார்த்து, தேதியும் நேரமும் மட்டும் கற்றுக்கொள்ளலாம் மாமா என்றாள். கடையில், கற்பூர டப்பாக்களுக்கு நடுவே வகுப்பு நடந்தது.

"ஒரு மணிக்கு மட்டும் எஸ் லா ஊனா. ரெண்டுலேர்ந்து சோன் லாஸ். எங்க, சொல்லுங்க மாமா."

"ஒத்தை மணிக்கு ஒரு மரியாதை, மத்ததுக்கு ஒரு மரியாதையா? பேஜாரும்மா."

மாதத்தின் முதல் தேதிக்கு மட்டும் அவர்களிடம் 'முதலாவது' என்று தனிப் பேர். மற்ற தேதிகளெல்லாம் வெறும் ரெண்டு, மூணு. சம்பளக்காரர்கள் பாஷை என்று சிரித்தேன். நாலு பருவத்துக்கும் நாலு பேர். திருவொற்றியூர்க்காரனுக்கு அது கஷ்டம். எங்களுக்கு வெயில் காலம் ஒன்று, மணலி ஃபாக்டரிக் காற்று இந்தப் பக்கம் அடிக்கிற காலம் ஒன்று, அவ்வளவுதான்.

"வெரானோன்னா கோடை. அங்க இப்பதான் கோடையாம் மாமா."

"மார்கழியில கோடையா! இன்னா நாடும்மா அது?" என்றேன். சிரித்தேன். சிரித்ததோடு சரி.

கிழமைகளுக்கு வந்ததும் நான் எழுந்தே நின்றுவிட்டேன். லூனெஸ் என்றால் சந்திரனின் நாள். மார்த்தெஸ் செவ்வாய். மியெர்கொலெஸ் புதன். ஹுவெவெஸ் வியாழன். வியெர்னெஸ் வெள்ளி.

"பாத்தியாம்மா! அதே கிரகம், அதே வரிசை! அங்கயும் நவக்கிரக ஆட்சிதான்!"

"சனியும் ஞாயிறும் வேற மாதிரி போட்ருக்கு மாமா" என்றாள். அது என் காதில் ஏறவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மரிசோல் முகத்தில் சிரிப்பில்லை. முந்தின நாள் வரை வாய் திறந்து பேசிய என் பிள்ளை, ஜுரத்தில் நினைவு தப்பிக் கிடந்தான். காயத்தில் சீழ் வைத்து விஷம் ஏறிக்கொண்டிருக்கிறது, இன்றைக்கே ஆபரேஷன், அவன் கையெழுத்துப் போடுகிற நிலையில் இல்லை, குடும்பத்தார் சரி என்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் கையை ஆட்டியும், தன் காலைத் தொட்டுக் காட்டியும் சொன்னாள். கடைசியில் நிதானமாக, எனக்குப் புரியும்படி, "மார்த்தெஸ். அ லாஸ் த்ரெஸ் தெ லா தார்தெ" என்றாள்.

செவ்வாய். மத்தியானம் மூன்று மணி.

செவ்வாய்க்கிழமை மூணிலிருந்து நாலரை ராகு காலம் என்று எங்கள் தெருவில் பச்சைக் குழந்தையும் சொல்லும். ஊருக்கே நேரம் சொல்கிறவன், பெற்ற பிள்ளையைக் கத்திக்கு அனுப்புகிற நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பேனா?

"சரின்னு சொல்லுங்க மாமா" என்றாள் தேவி.

"இரும்மா. ராகு காலம்."

"டாக்டர் சொல்ற நேரத்துக்கே வுட்டுடலாம் மாமா. உங்க கால்ல வேணா வுழறேன்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டுப் போனை வாங்கினேன். "அ லாஸ் த்ரெஸ், நோ. போர் ஃபவோர். தெஸ்புயெஸ் தெ லாஸ் குவாத்ரோ இ மெதியா." மூணு மணிக்கு வேண்டாம், தயவு செய்து, நாலரைக்கு அப்புறம். மரிசோல் என்னென்னவோ கெஞ்சினாள். நான் திரும்பவும் அதையே சொன்னேன், இன்னும் திருத்தமாக. அத்தனை நாளில் ஒரு பிழையில்லாமல் நான் பேசிய ஸ்பானிஷ் அது ஒன்றுதான். உளறியிருந்தால் தப்பித்திருப்போம்.

மூணு மணிக்கு வேறு ஒருவரை உள்ளே எடுத்தார்கள். குமரனுக்கு அடுத்த முறை ஆறு மணிக்குத்தான் வந்தது.

மறுநாள் கம்பெனி ஆள் தானாகவே கூப்பிட்டார். விரல்களோடு நிறுத்தத்தான் டாக்டர் நினைத்தாராம். ஆறு மணிக்குத் திறந்து பார்த்தபோது மேலே ஏறிவிட்டிருந்ததாம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மூணு மணிக்கே செய்திருந்தால் கால் தங்கியிருக்குமா என்று கேட்டேன். "அத யாராலயும் சொல்ல முடியாது சார்" என்றார். என் மனைவி சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தவள், அன்றைக்கு எழுந்திருக்கவே இல்லை. தேவி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மாசி மாதம் குமரன் ஊன்றுகோலோடு வந்து சேர்ந்தான். ஒரு நாள் சாப்பிடும்போது சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சேனா, சுவத்துல மணி பாத்தா எட்டரை. ஜன்னல்ல வெயில் அடிச்சுகினு கீது. அங்கல்லாம் காலைல ஆறரைக்கு வந்த சூரியன் ராத்திரி ஒம்போது மணிக்குத்தான் நைனா எறங்கும்."

என் கையில் சோறு அப்படியே நின்றது. வெரானோ. கோடைகாலம். ஒன்பது மணிக்குச் சூரியன் மறைகிற ஊரில் பகலை எட்டாகப் பிரித்து, செவ்வாய்க்கு ராகுவின் பங்கான ஏழாவதை எடுத்தால்?

"இன்னா நைனா, வெரலை எண்ணிகினு கீற?"

எண்ணிப் பார்த்துவிட்டேன். அந்த ஊருக்கு, அந்தச் செவ்வாய்க்கு, மூணு மணி ராகு காலமே இல்லை. ராகு காலம் அஞ்சே காலுக்கு மேல் ஆரம்பித்து ஏழு மணி வரை. ஆறு மணி அதன் நடு மத்தி. மறைத்துப் பார்த்தேன், முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

குமரன் தட்டைத் தள்ளி வைத்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். "யோவ் நைனா! நல்ல நேரத்துல வெச்சிருந்தவனை, தேடிப் பிடிச்சு ராகு காலத்துல கொண்டாந்து வுட்டியா!" கண்ணில் தண்ணி வரும்வரை சிரித்தான். என் மனைவியும் அழுதுகொண்டே சிரித்தாள். தேவி எழுந்து, யாரும் கேட்காத ரசத்தைக் கொண்டுவர உள்ளே போனாள்.

இப்போது அவன் செயற்கைக் காலோடு என் கூடக் கடையில் உட்காருகிறான். யாராவது ராகு காலம் கேட்டால், நான் வாய் திறப்பதற்குள், "எந்த நாட்டுக்கு வேணும்? எங்க நைனா சிலி வரைக்கும் பாப்பாரு" என்கிறான். கல்யாணம், காது குத்து, எங்கே போனாலும் சொந்தக்காரர்கள் இதையே சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். என் கணக்கில் வர வேண்டியது அது.

ஆனால் தெருவில் வேறு ஒரு கதையும் சுற்றுகிறது. காலண்டர் நைனா கடல் தாண்டி நேரம் பார்த்துச் சொன்னதால்தான் பிள்ளை உயிர் பிழைத்தான் என்று, கற்பூரம் வாங்க வருகிறவர்கள் என்னையே கும்பிடுகிறார்கள். என் பிள்ளையைப் பிழைக்க வைத்தது அம்மன். அவள் அனுப்பிய டாக்டரும், அவனுக்காக என்னிடம் கெஞ்சிய மரிசோலும். நான் செய்தது மேலே எழுதியிருப்பது மட்டும்தான். இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் உள்ளபடியே சொல்லுங்கள். காலை விட்டுவிட்டு உயிரை மட்டும் சொல்லாதீர்கள். கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. கடையில் பேசுவதெல்லாம் தேவிக்குக் கேட்கும்.