அக்கா நிக்காஹ் கேசட்டும் என் வாயும்

ஸ்க்ரூ உள்ள எதையும் கழற்றிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. திரும்ப மாட்டத் தெரியாது என்பது வேறு விஷயம். (எங்கள் மிக்சி இன்றும் அட்டைப் பெட்டியில்தான் குடியிருக்கிறது.) இப்படிப்பட்டவனை நம்பி என் மனைவியின் அக்கா நூர்ஜஹான் தன் நிக்காஹ் வீடியோ கேசட்டைக் கொண்டுவந்தார்.

"தம்பி, இதுல அத்தா துஆ ஓதுறாரு. மவுத்தானவரு குரல் வேற எதுலயும் கிடையாது. பொண்ணு கல்யாண வீடியோவுல அதை முதல்ல சேர்க்கணும். ஒங்களால முடியுமா, கடையில குடுக்கட்டுமா?"

அத்தா என்றது காலமான என் மாமனாரை. கடை என்றதும் ரோஷம் வந்துவிட்டது. வாங்கிக்கொண்டேன்.

பரணில் இருந்த வீடியோ டெக்கில் ஒயர் மாட்டும் பின்களெல்லாம் மரக்காணத்து உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தன. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். டெக்கிலிருந்து ஒரு ஒயர் டிவிக்கு, இன்னொன்று லேப்டாப்புக்கு. பழுப்பு நாடாவில் படுத்துக்கிடந்தவர்கள் லேப்டாப்பில் எழுந்து பந்திக்கு நடப்பதை வாய் பிளந்து பார்த்தேன். கொஞ்சம் பதிந்து, போட்டுப் பார்த்தேன். படம் இருந்தது, சத்தமும் இருந்தது. முதலிலிருந்து முழுசாகப் பதியவிட்டு, நானும் மனைவி பரீதாவும் டிவி முன் உட்கார்ந்தோம்.

வெள்ளிக்கிழமை அதைப் பார்க்கக் குடும்பமே கூடியது. திரையில் மாப்பிள்ளை, அதாவது என் சகலை, மாலையோடு வந்தார். கூடவே என் குரலும் வந்தது.

"மாப்பிள்ளை மூஞ்சியப் பாரு. விசா கிடைக்காதவன் மாதிரி."

அடுத்து பரீதா: "மெதுவா பேசுங்க. அந்தச் சேர்வானி இரவல், சென்ட்டும் இரவல். மூஞ்சி மட்டும்தான் சொந்தம்."

சோபாவில் சகலை பல் குத்துவதை நிறுத்தினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. லேப்டாப் படத்தை மட்டும் ஒயரில் வாங்கியிருக்கிறது. சத்தத்தைத் தன் சொந்த மைக்கில், டிவி இரைச்சலும் எங்கள் புறணியுமாகச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அணைக்கப் பாய்ந்தேன்.

"நிறுத்தாதீங்க, அத்தா வர்றாரு" என்றார் அக்கா.

மாமனார் கையேந்தினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. அதன்மேல் கணீரென்று நான்: "முடிக்க மாட்டாரு போலிருக்குதே. அங்க பிரியாணி ஆறுது."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். உப்பளத்தில் போய்ப் புதைந்துகொள்ளலாமா என்றிருந்தது. (கெடாமல் வேறு கிடந்திருப்பேன்.)

மறுநாள் சத்தத்தையும் ஒயரிலிருந்தே எடுக்கும்படி செட்டிங்கை மாற்றினேன். இனி யார் பேசினாலும் பதியாது என்று சொல்லியும் பரீதா நம்பவில்லை; கேசட் முடியும்வரை என்னைத் தெருவில் நிறுத்தினாள். இம்முறை துஆ சுத்தமாக வந்தது. அக்கா கண்ணை மூடிக் கேட்டு, கடைசியில் "ஆமீன்" என்றார். எனக்கு மூச்சு வந்தது.

ஒரு வாரம் கழித்துச் சகலை போன் செய்தார்.

"ஏம்பா, அந்தப் பழைய காப்பியை அழிச்சிட்டியா? துபாய்ல என் தம்பிங்க கேக்குறாங்க."

"அவ்வளவு நல்லாவா இருந்தது?" என்றேன், கூச்சத்தோடு.

"பத்திரிகையில இத்தினி வருஷமா சிரிப்புக் கட்டுரைன்னு எழுதுறே. ஒண்ணுத்துக்கும் எனக்குச் சிரிப்பு வந்ததில்ல. இதுலயும் நீ பேசுறது சுமார்தான். பரீதா பேசுறதை மட்டும் வெட்டி அனுப்பு."