திட்டு டாக்டரம்மா

வட சென்னையில் திட்டு வாங்காத மனிதர் கிடையாது. ஆனால் ஆளைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, "இப்போ திட்டுங்க" என்று கேட்டு வாங்கியவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். திட்டி முடித்தவருக்கு நன்றியும் சொல்வார்.

ராயபுரம் பக்கம் ஒரு மருத்துவமனையில் கதிர்வீச்சு மெஷினை இயக்கும் டெக்னீஷியனாக நான் சில வருடம் இருந்தேன். பத்திரிகையில் எழுத வருவதற்கு முந்தைய பிழைப்பு அது. அங்கே தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு டாக்டராக இருந்தவர் அவர். கதவில் பெயர்ப் பலகை இருந்தது, யாரும் படித்ததில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் முதல் எண்ணூர் கம்பெனி வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் திட்டு டாக்டரம்மா.

அவருடைய அப்பா தெற்கிலிருந்து வந்து திருவொற்றியூரில் மளிகைக் கடை வைத்தவர். அதனால் டாக்டரம்மா வாயில் என்னைத் தவிர ஆண்கள் எல்லோரும் அண்ணாச்சிதான். அவர் குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அறையில் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள எட்டித்தான் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவர் ஊரார் திட்டையெல்லாம் வாங்கி ரெக்கார்டரில் சேர்த்து வைத்தார். அதுதான் அவருடைய ஆராய்ச்சி.

குரல்வளையில் புற்று வந்தால் அதை வெட்டி எடுத்துவிடுவது ஒரு வழி. கதிர்வீச்சு கொடுத்து, எங்கள் பக்கத்துப் பேச்சில் 'கரண்ட் வைத்து', கூடவே மருந்தும் ஏற்றி, குரல்வளையைக் காப்பாற்றப் பார்ப்பது இன்னொரு வழி. எல்லோருக்கும் ஒத்துவராது, சிலருக்கு வரும். அப்படிக் காப்பாற்றிய குரல்வளையால் அந்த மனிதர் பிறகு என்ன பேச முடிகிறது என்பது டாக்டரம்மாவின் கேள்வி.

"கட்டுரையில எல்லாம் 'குரல்வளை காப்பாற்றப்பட்டது'ன்னு எழுதி முடிச்சிருதாங்க தம்பி. கழுத்துக்குள்ள அது இருந்தா போதுமா?" என்று என்னிடம் கேட்பார். மெஷினைத் தவிர வேறொன்றும் தெரியாத நான் தலையாட்டுவேன்.

சிகிச்சைக்கு முன்னும் நடுவிலும் பின்னும் குரலைப் பதிவு செய்ய, முதலில் ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். வாத்தியார் முன்னால் நிற்கிற பிள்ளைகள்போல எல்லோரும் ஒரே மாதிரி முனகினார்கள். ஒருநாள் வெளியே வரிசையில் இடத்துக்குச் சண்டை. உள்ளே முனகிவிட்டுப் போன அதே பெரியவர் போட்ட சத்தத்தில் என் மெஷின் அறைக் கதவு அதிர்ந்தது. டாக்டரம்மா ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மனிதன் முழுக்குரலில் பேசுவது திட்டும்போதுதான் என்று அன்றைக்கு அவருக்குப் புரிந்துவிட்டது.

அதன் பிறகு அந்த அறையிலிருந்து வந்த வார்த்தைகளை இங்கே அச்சேற்ற ஆசிரியர் விடமாட்டார். புளியந்தோப்பிலிருந்து ஒரு அம்மா வந்தார். "யார திட்றது?" என்று கேட்டார். யாரை வேண்டுமானாலும் என்றார் டாக்டரம்மா. அந்த அம்மா மாமியாரில் தொடங்கி, புருஷனுக்கு வந்து, கடைசியில் தன் நோயையே ஒருமையில் கூப்பிட்டு, "ஏன் நீ ஏங்கிட்ட வந்த?" என்று கேட்டார். அதற்கு மேல் பேச முடியவில்லை. டாக்டரம்மா ரெக்கார்டரை அணைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சத்தமில்லாமல் வெளியே வந்துவிட்டேன்.

ஆராய்ச்சி என்றால் மருத்துவமனைக் குழு அனுமதி தர வேண்டும். குழுவில் வக்கீல் ஒருவர் இருந்தார். "நோயாளிகள் எந்த மாதிரி வார்த்தை பேசுவாங்க, ஒரு மாதிரிக்குச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டார். டாக்டரம்மா விஞ்ஞானி, கேட்டால் மறைக்க மாட்டார். மருந்துச் சீட்டு வாசிக்கிற குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். ஒருவர் தண்ணீர் கேட்டார். ஒருவர் ஜன்னலைப் பார்த்தார். "போதும் டாக்டர், அனுமதி குடுத்தாச்சு" என்றார் வக்கீல்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தேசிங்கு வந்தார். காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். அவர் குரல் கொடுத்தால் கடைசிப் படகில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான் என்பார்கள். அந்தக் குரல்வளையில்தான் கட்டி. வேறொரு ஆஸ்பத்திரியில், குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். "கொரல எட்த்துட்டா நா இன்னாத்துக்கு டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். பரிசோதித்துப் பார்த்ததில் கரண்ட் வைத்துப் பார்க்கலாம் என்ற நிலை இருந்தது.

ஆனால் திட்ட மாட்டேன் என்றுவிட்டார். "பொம்பளைய திட்டி எனக்குப் பழக்கம் இல்ல."

"அப்போ ஏலம் விடுங்க அண்ணாச்சி."

தேசிங்கு எழுந்து நின்றார். கரகரத்த குரல்தான்; ஆனாலும் மேஜையை ஏலம் விட்டார், மின்விசிறியை விட்டார், கடைசியில் என்னைக் காட்டி, "முள்ளு ஜாஸ்தி, சதை கம்மி, கொழம்புக்கு ஆவும்" என்று மிக மலிவாகத் தள்ளிவிட்டார். டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

சிகிச்சை தொடங்கியது. தலை அசையாமலிருக்க வலை போன்ற முகமூடியைப் போட்டு மேஜையோடு பூட்டுவோம். தேசிங்கு அதற்குள் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். பாதி சிகிச்சை தாண்டியதும் தொண்டை முழுக்கப் புண். எச்சில் விழுங்கினாலும் கண்ணில் நீர் வரும். பிறகு குரல் சுத்தமாகப் போயிற்று. இது தற்காலிகம் என்று டாக்டரம்மா எவ்வளவோ சொன்னார். ஒரு திங்கட்கிழமை தேசிங்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

நடுவில் நிறுத்தினால், பாதி செத்த கட்டி மறுபடி தலைதூக்கும். டாக்டரம்மா புதன்கிழமை விடிந்தும் விடியாததுமாக என்னையும் கூட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் காசிமேட்டுக்குப் போனார். ஏலம் நடந்துகொண்டிருந்தது. கத்திக்கொண்டிருந்தவர் தேசிங்குவின் மச்சான். தேசிங்கு பின்னால் நின்று விரலால் விலை காட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டார்.

"அண்ணாச்சி" என்று டாக்டரம்மா கூப்பிட்டது அவருக்கே கேட்டிருக்காது. இன்னொரு முறை கூப்பிட்டார். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு கூடைமேல் ஏறி நின்றார்.

"யோவ் தேசிங்கு. சோமாறி. ஒன்ன ஊரெல்லாம் தேடிகினு கீறோம், நீ ஐஸ் பொட்டிக்குப் பின்னால குந்திகினு கீறியா? நோவு கய்த்துல ஒக்காந்துகினு கீது, நீ மீனுக்கு வெல காட்டிகினு கீற. ஒன் பொண்டாட்டி தாலி இன்னா ஏலத்துக்கா வந்துகீது? எந்திரிய்யா கஸ்மாலம்."

அச்சில் வரக்கூடிய பகுதி இவ்வளவுதான். எத்தனையோ பேர் திட்டை வருடக்கணக்காகத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டவர். ஒரு எழுத்து பிசகவில்லை. ஏலம் நின்றுவிட்டது. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர், "டாக்டரம்மா எந்த ஏரியா?" என்று என்னிடம் மரியாதையாகக் கேட்டார்.

தேசிங்கு எழுந்து வந்தார். அழுதுகொண்டிருந்தார். பேச்சு வராததால் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார். டாக்டரம்மா கூடையிலிருந்து இறங்கி, பழைய குரலுக்குத் திரும்பி, "தெரியும் அண்ணாச்சி. வலி எனக்குத் தெரியாது, ஆனா வலிக்குதுன்னு தெரியும். வாங்க, போவோம்" என்றார். மச்சான் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். அன்று மதியமே மேஜையில் படுக்கவைத்தோம்.

சிகிச்சை முடிந்தது. சில மாதம் கழித்துப் பார்த்தபோது கட்டி இல்லை. குரலும் வந்திருந்தது, ஆனால் உடைந்து, காற்றுக் கலந்து. துறைத் தலைவருக்கு மகிழ்ச்சி. "கட்டி போயிடுச்சு, குரல்வளை இருக்கு. வெற்றின்னு எழுதிடும்மா" என்றார்.

டாக்டரம்மா தேசிங்குவையே கேட்டார். "குரல் திரும்பி வந்திருச்சுன்னு சொல்லலாமா அண்ணாச்சி?"

தேசிங்கு சொன்னார்: "வூட்ல பேச போதும் டாக்டர். பேத்தியோட பேச ஜோரா கீது. ஏலத்துக்குப் பத்தாது."

டாக்டரம்மா அதை அப்படியே எழுதினார். உயிர் காப்பாற்றப்பட்டது, குரல் காப்பாற்றப்படவில்லை என்று தன் சிகிச்சையைத் தானே குறைத்து எழுதினார். தலைவர் பல நாள் பேசவில்லை. கட்டுரை போன இடத்திலிருந்தெல்லாம் திரும்பி வந்தது; ஒரு மாநாட்டில் பதிவுகளைப் போட்டபோது தமிழ் தெரிந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், தெரியாதவர்கள் அர்த்தம் கேட்டார்கள். கடைசியில் யாரோ வெளியிட்டார்கள். அதைக் காட்டிப் போராடி, கரண்ட் தொடங்கும் முதல் நாளிலிருந்தே குரலுக்குப் பயிற்சி தர எங்கள் பிரிவுக்கு ஒரு ஆளை வாங்கினார். பின்னால் வந்த சிலர், தேசிங்கு பெறாததைப் பெற்றார்கள்.

தேசிங்கு மச்சானுக்குப் பக்கத்தில் நின்று மீன் தரம் பார்க்கிறார். பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் ஒரு வஞ்சிரம் கொண்டுவருவார். டாக்டரம்மா சுத்த சைவம். நன்றி சொல்லி வாங்கி என்னிடம் கொடுத்துவிடுவார்.

போன மாதம் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினேன். ஜன்னலோரம் டாக்டரம்மா. பையை மடியில் வைத்து அணைத்தபடி, பக்கத்திலிருந்த பெண்ணின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். தலைமுடி நன்றாக நரைத்துவிட்டது. எம்.கே.பி. நகர்க்காரனான நான் கொருக்குப்பேட்டையில் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. திருவொற்றியூர் வந்ததும், "மேடம், ஸ்டேஷன் வந்துடுச்சு" என்று எழுப்பினேன்.

கண் திறந்தார். எப்படி இருக்கீங்க, எங்கே வேலை, ஒன்றும் கேட்கவில்லை. "தொண்டை கட்டியிருக்கு தம்பி. எவ்ளோ நாளா?"

"சளி மேடம். வேற ஒண்ணுமில்ல."

"நாளைக்கு வந்து காட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிக் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

சாதாரண சளிதான், எனக்குத் தெரியும். ஆனாலும் மறுநாள் காலை போய் வரிசையில் உட்கார்ந்தேன்.