வெற்றிலை பாக்கு வைத்து லிங்க் கேட்டவர்

இன்டர்நெட்டில் முப்பத்தேழாம் பக்கம் வரை தேடியும் ஆத்தப்பனின் கம்பெனி அகப்படவில்லை.

"இன்னும் தள்ளு தம்பி," என்றார் ஆத்தப்பன்.

"இதுக்கு மேல பக்கமே இல்லீங்ணா," என்றான் அருண்குமார்.

முந்தாநாள் வரை பதினாலாம் பக்கத்தில் ஆறாவதாக இருந்த கம்பெனி அது. கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படித்து, 'உங்கள் கம்பெனியை இன்டர்நெட்டில் முன்னுக்குக் கொண்டு வருகிறேன்' என்று விசிட்டிங் கார்டு அடித்துவைத்திருந்த அருண்குமார், ஒரு யோசனை சொல்லியிருந்தான். 'குழந்தைகள் பனியன் திருப்பூர்' என்ற வார்த்தைகளை வெப்சைட்டின் வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்தாகப் பத்துத் தடவை ஒளித்துவைத்தால், கண்ணுக்குத் தெரியாது, சர்ச் என்ஜினுக்குத் தெரியும்.

"பத்துக்கு ஏறும்னா நானூறுக்கு எவ்வளவு ஏறும்?" என்று கேட்டவர் ஆத்தப்பன்தான். பஞ்சு மூட்டை அமுக்குவது போல் ஏறி மிதித்து நானூறையும் அடைக்கச் சொன்னார். சர்ச் என்ஜின் திருட்டைக் கண்டுபிடித்து ஆளையே வெளியே தூக்கிப் போட்டுவிட்டது.

"அந்த சர்ச் என்ஜின் கம்பெனில பெரியவரு யாரு? நேர்ல போய் ஒரு வார்த்த பேசிக்கலாமல்ல?"

"அமெரிக்காவுல இருக்கறாங்கணா."

"இங்க அவங்களுக்கு புரோக்கர் கீது இல்லியா?"

"மெஷின்தானுங்ணா முடிவு பண்ணுது."

புரோக்கர் இல்லாத வியாபாரத்தை ஆத்தப்பன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

அவர் கவலைக்குக் காரணம் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக அவருடைய நாற்பது பவர் டேபிள் தையல் மெஷினிலும் ஓடுவது பங்காளி வகையில் அண்ணனான அங்கமுத்துவின் ஆர்டர்தான். துணி அங்கமுத்துவுடையது, நூல் அங்கமுத்துவுடையது, லேபிள் அங்கமுத்துவுடையது. வேர்வை மட்டும் ஆத்தப்பனுக்குச் சொந்தம். சொந்தமாக ஒரே ஒரு ஏற்றுமதி ஆர்டர் வந்துவிட்டால் அங்கமுத்து வீட்டு கேட்டில் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அதற்கும் வழி திறந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்குத் துணி பிடித்துத் தரும் பையிங் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருந்த பிரியங்கா, எல்லாக் கம்பெனிக்கும் சொன்னதுபோல் இவருக்கும் போனில் சொல்லியிருந்தாள்: டென்மார்க்கிலிருந்து ஒருவர் இருபதாம் தேதி வருகிறார், குழந்தைகள் துணி வாங்க. யார் சிபாரிசும் கேட்கமாட்டார். இன்டர்நெட்டில் முதல் பக்கத்தைப் பார்த்து அவரே முடிவு செய்வார்.

அன்றைக்குத் தேதி நாலு.

நானூறையும் அழித்து, மன்னிப்புக் கடிதம் எழுதிப் போட்டு, ஆறாம் தேதி கம்பெனி மறுபடி தலைகாட்டியது. இருபத்தொன்பதாம் பக்கத்தில்.

"வார்த்தைய அடைக்கற காலமெல்லாம் மலையேறிப்போச்சுங்ணா," என்றான் அருண்குமார். "இனி வரப்போற ட்ரெண்டே லிங்க்தான். மத்த வெப்சைட்டுக்காரங்க அவங்க பக்கத்துல உங்க பேரப் போட்டு, 'இவரப் பாருங்க'ன்னு கை காட்டோணும். எத்தன பேரு கை காட்டறாங்களோ, அத்தன மரியாதை."

"அதாவது, கல்யாணத்துக்கு எத்தன காரு வந்து நிக்குதுங்கறாப்ல."

"அப்படியேதானுங்க."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நாம எதுக்குத் திருடப் போறோம்?" என்றார் ஆத்தப்பன் வருத்தத்தோடு.

எல்லோருக்கும் ஈமெயில் போடலாம் என்றான் அருண்குமார். ஆத்தப்பன் அவனை அனுதாபத்தோடு பார்த்தார். "மெயில்ல கூப்பிட்டா எவன் வருவான்? போன மாசம் போன்ல கூப்பிட்டதுக்கே எங்க சின்ன மாமன் சீருக்கு வல்ல."

மறுநாள் காலை ஆத்தப்பனும் மனைவி தெய்வாத்தாளும் வெள்ளித் தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம் வைத்துக்கொண்டு ஆம்னி வேனில் கிளம்பினார்கள். முதலில் ஊத்துக்குளி, வெண்ணெய் வியாபாரி குமாரவேல் வீடு.

"வாங்க மச்சான், வாங்க. விசேசம் பையனுக்குங்களா, புள்ளைக்குங்களா?"

"கம்பெனிக்குங்க மாப்ள. ஒரு லிங்க் குடுக்கோணும்."

விஷயத்தை விளக்கியதும் குமாரவேல் சங்கடப்பட்டார். "எங்கிட்ட வெப்சைட்டே இல்லீங்களே. வெண்ணெய்க்கு எதுக்குங்க வெப்சைட்டு?"

"வெண்ணெய்க்கில்லீங்க மாப்ள. எனக்கு லிங்க் குடுக்கறதுக்கு."

அது குமாரவேலுக்கு நியாயமாகப் பட்டது. தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அங்கமுத்துவை விட்டுவிடலாம் என்றுதான் ஆத்தப்பன் நினைத்தார். தெய்வாத்தாள் ஒப்பவில்லை. "பெரிய பங்காளியக் கூப்பிடாம என்னுங்க விசேசம்? நாளைக்கு எழவுக்குக் கூட வரமாட்டாங்க." லிங்க் எதற்கென்று விவரமாகச் சொல்லாமல், அங்கேயும் தட்டு வைத்தார்கள்.

எட்டே நாளில் நாற்பத்தொரு லிங்க் வந்து சேர்ந்தது. அதில் பதினேழு வெப்சைட்டுகள் ஆத்தப்பனுக்கு லிங்க் கொடுப்பதற்காகவே இந்தப் பூமியில் பிறந்தவை. கம்பெனி ஐந்தாம் பக்கத்துக்கு ஏறியது.

செய்தவர்களுக்குத் திருப்பிச் செய்ய வேண்டும் அல்லவா. நாற்பத்தொரு பேரின் கம்பெனிப் பெயரையும் தன் வெப்சைட்டின் முகப்பில் போடச் சொன்னார் ஆத்தப்பன். அருண்குமார் ஆங்கில அகரவரிசைப்படி போட்டான். படித்த பையன், கெடுதல் என்று நினைக்கவில்லை. குண்டடத்து 'ஏ ஒன் கோழித் தீவனம்' முதலாவதாக வந்தது. அங்கமுத்துவின் 'வெற்றிவேல் எக்ஸ்போர்ட்ஸ்' நாற்பத்தொன்றாவதாக வந்தது.

அன்று மத்தியானமே போன் வந்தது. அங்கமுத்து குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் ஆத்தப்பனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஏப்பா ஆத்தப்பா, கோழித் தீவனத்துக்குக் கீழ நாப்பது பேரு தள்ளி நம்ம பேரு இருக்குதாமே."

"அது இங்கிலீசு வரிசைங்ணா."

"இருக்கட்டுமப்பா. இங்கிலீசுக்காரனுக்குப் பெரியவன் சின்னவன் தெரியாது. உனக்குத் தெரியாதா? கல்யாணப் பத்திரிகைல பேரக் கீழ போட்ட ஊட்டுல நான் கை நனைக்கறதில்ல. லிங்க்க எடுத்துக்கறேன். தப்பா நெனச்சுக்காத சாமி."

அவர் ஒருவர் எடுத்தால் போதாதா. அவரை அனுசரித்து நடக்கும் பதினெட்டுப் பேர் அன்று சாயந்திரத்துக்குள் எடுத்துவிட்டார்கள். சாயம் போடும் டையிங்காரர் எடுத்தார், பிரிண்டிங்காரர் எடுத்தார், எலாஸ்டிக்காரர் விசாரிக்காமலே எடுத்தார். கம்பெனி பதினேழாம் பக்கத்துக்குச் சரிந்தது. தேதி பதினைந்து.

"எந்திரி தம்பி, மறுக்கா எழுதலாம்," என்றார் ஆத்தப்பன். "இது பத்திரிகை. பத்திரிகை மாதிரியே எழுதோணும்."

அவர் சொல்லச் சொல்ல அருண்குமார் அடித்தான். உச்சியில் பெரிய பங்காளி அங்கமுத்து, கோட்டுப் போட்ட போட்டோவுடன், கொட்டை எழுத்தில். அடுத்து மாமன் வகை, மச்சான் வகை, சம்பந்தி வகை. டையிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, எலாஸ்டிக், அட்டைப்பெட்டி, கடைசியில் வெண்ணெயும் கோழித் தீவனமும்.

"உங்க பேருங்ணா?"

"எல்லாத்துக்கும் கீழ. சின்னதா."

"ஏனுங்ணா, இது உங்க வெப்சைட்டுங்க."

"கூப்புடறவன் பேரு கடைசிலதான் கண்ணு வரும். இது கூடத் தெரியாமயா காலேசு போனே?"

தட்டோடு மறுபடி போய் அங்கமுத்துவிடம் காட்டினார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் போட்டோவை நெடுநேரம் பார்த்தார். "நெறம் கொஞ்சம் கம்மியா விழுந்திருக்குது," என்றார். அதுதான் சம்மதம். எடுத்த லிங்க்குகள் அத்தனையும் திரும்பி வந்தன. அங்கமுத்து சொன்னார் என்று புதிதாகப் பதினொன்று சேர்ந்தது. பதினெட்டாம் தேதி காலை கம்பெனி முதல் பக்கத்தில், மூன்றாவதாக நின்றது. தெய்வாத்தாள் மானிட்டருக்குக் கற்பூரம் காட்டினாள். ஆத்தப்பன் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இருபதாம் தேதி மத்தியானம் டென்மார்க்காரர் வந்தே விட்டார். கூடவே பிரியங்கா. நாற்பது பவர் டேபிளும் நிற்காமல் ஓடின. வந்தவர் தையலை விரித்துப் பார்த்தார், நூலை இழுத்துப் பார்த்தார், தலையாட்டினார். இளநீர் குடித்தார். ஆத்தப்பனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்தார்.

ஆத்தப்பன் பிரியங்காவின் பின்னால் ஓடினார். "ஏங்கண்ணு, அவருக்குப் புடிச்சுதா?"

"ரொம்பப் புடிச்சிருச்சுங்க சார். நெட்ல உங்க பக்கத்தப் பாத்ததுமே, வேற யாரும் வேண்டாம்னுட்டார். ஒரே குரூப்ல டையிங்கும் பிரிண்டிங்கும் எல்லாம் இருக்குன்னு அவ்வளவு சந்தோஷம். ரெண்டு லட்சம் பீஸ்."

நாற்பது டேபிளின் சத்தமும் அவருக்கு நாதஸ்வரமாகக் கேட்டது. "கையெழுத்து எப்பப் போடறதுங்க?"

பிரியங்கா கார்க் கதவைத் திறந்தபடியே திரும்பினாள்.

"அதெல்லாம் காலைலயே உங்க சேர்மன் அங்கமுத்து சார்கிட்டப் போட்டாச்சுங்க. குரூப்ல கடைசி பிராஞ்சு எப்படி இருக்குதுன்னு பாக்கணும்னார், அதுக்குத்தான் இங்க வந்தோம்."