கரடியாரும் கிராபிக்ஸ் டிரைவரும்

ஒரு காட்டில் தாண்டவராயன் என்றொரு கரடியார் இருந்தார். அவருக்கு ஒரு தேன்மரம், ஒரு மனைவி, ஒரு கம்ப்யூட்டர். மூன்றில் எது மிஞ்சியது என்று அவசரப்படாதீர்கள், அதைச் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

தேன்மரத்தை வெட்டிச் சாலை போடப்போவதாகச் சிங்கத்தின் அலுவலகம் அறிவித்தது. மாலை ஐந்து மணிக்குள் ஆன்லைனில் ஆட்சேப மனு கொடுத்தால் மரம் பிழைக்கும். அந்த மரத்தை விட்டால் குடும்பத்துக்கு வேறு சாப்பாடு இல்லை.

அன்று பார்த்துப் பழைய கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. பக்கத்து மரத்துத் தேவாங்கு வைகுந்தம் ஆடி அசைந்து இறங்கி வந்து, ஓப்பன் சோர்ஸ் இயங்குதளம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்.

“இது யாரு சொத்தும் இல்லீங்க. உள்ள என்ன இருக்குன்னு யார் வேணாலும் தொறந்து பாக்கலாம்.”

கரடியார் திறந்து பார்த்தார். ஒரு எழவும் புரியவில்லை. ஆனாலும் பெருமையாக இருந்தது.

மனுவைத் திறந்ததும்தான் வினை பிடித்தது. திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டை இயக்க டிரைவர் என்னும் மென்பொருள் இல்லாததால், எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவுக்குப் பெருத்துவிட்டது. அடியில் இருக்கவேண்டிய ‘அனுப்பு’ பொத்தான் திரைக்கு வெளியே எங்கேயோ போய்விட்டது. தள்ளினாலும் மேலே வரவில்லை.

“டிரைவர் போட்டா சரியாயிரும். ஒரே ஒரு கட்டளைதான்,” என்றார் வைகுந்தம்.

அந்த ஒரே ஒரு கட்டளையை இருவரும் நாற்பத்தோரு முறை அடித்தார்கள். பிறகு திரை முழுக்க இருண்டுபோனது. அதில் மங்கலாக ஒரு கரடி தெரிந்தது.

“படம் வந்துருச்சு!” என்று துள்ளினார் கரடியார்.

“அது நீங்கதாங்க,” என்றார் வைகுந்தம்.

அடுப்படியிலிருந்து மனைவி செங்கமலம் குரல் கொடுத்தாள். “ஏங்க, மனு அனுப்பியாச்சா?”

“இந்தா, ரீஸ்டார்ட் ஆவுது!”

இப்படியே காலை போனது, சாப்பாடு ஆறிப்போனது. வைகுந்தம் நகத்தைக் கடித்தபடி, யாரோ எங்கோ எழுதிவைத்த கட்டளைகளை வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தார். சரியாக நாலேகாலுக்குத் திரை பளிச்சென்று விரிந்தது. எழுத்தெல்லாம் சிறுத்தது. மூலையில் பச்சைப் பசேலென்று ‘அனுப்பு’ பொத்தான்!

கரடியார் அழுதேவிட்டார். வைகுந்தத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“அமுக்கட்டுமா?”

“இருங்க, மொதல்ல ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நம்ம காட்டு வாட்ஸப் குரூப்புல போடுவோம். இல்லாட்டி யாரும் நம்பமாட்டாங்க.”

நியாயமாகத்தான் பட்டது. மனு திறந்திருந்தால் படம் அசிங்கமாக இருக்குமென்று அதை ஓரங்கட்டினார்கள். பின்னணிக்கு ஒரு அருவி வைத்தார்கள். ஐகான்களை மாற்றினார்கள். குரூப்பில் நூற்றுப்பத்து பேர் கைதட்டினார்கள். ஒரு ஓணான் மட்டும், “இதைவிடப் புது வெர்ஷன் வந்தாச்சே,” என்று கொளுத்திப் போட்டது. அதற்குப் பதில் சொல்லாமல் விடமுடியுமா?

பதில் சொல்லி முடித்தபோது ஐந்தேகால்.

சிங்கத்தின் அலுவலகம் மரம் வெட்டுவதை நேரலையில் காட்டியது. செங்கமலம் ஓடிவந்து, திரையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கரடியாருக்கும் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“செங்கமலம், இங்க பாரேன். மரம் சாயுறப்பகூட படம் ஒரு எடத்துலயும் திக்கல!”

நீதி: பாடுபட்டு ஓடவைத்த கருவியை, வேலை செய்யச் சொல்லித் தொந்தரவு செய்யக் கூடாது.