டம்ளருக்குள் போட்ட முடிச்சு

மகப்பேறு அறுவைப் பயிற்சி நடத்தும் பேராசிரியர் அம்மா அவர்களுக்கு, தங்களிடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் பயிற்சி மருத்துவரின் தகப்பன் பணிவுடன் எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை, கை வரவில்லை.

அடிவயிற்றின் ஆழத்தில், கண்ணுக்கு எட்டாத இடத்திலும் விரல் தானாக முடிச்சுப் போட வேண்டும் என்றீர்களாம். அதற்காக டம்ளரின் அடியில் கொக்கியை ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு, டம்ளர் ஆடாமல் உள்ளே முடிச்சுப் போடச் சொன்னீர்களாம். மகள் தினமும் சாயங்காலம் போடுவாள், டம்ளரைப் பிடித்துக்கொள்வது நான். அதுவரை சரி. அப்புறம் நாற்காலிக் கால், குழாய், என் மூக்குக்கண்ணாடி என்று வீடெல்லாம் கறுப்பு நூல் முடிச்சுகள் முளைத்தன, பிள்ளை ஆர்வமாகப் படிக்கிறாளே என்று நானும் பூரித்துப்போய் கத்தரிக்கோலோடு திரிந்தேன், இந்த வாரம் அவள் மருத்துவமனையிலேயே தங்கிவிட்டாள், முடிச்சு மட்டும் நிற்கவில்லை, நேற்று மதியம் கண்ணயர்ந்து எழுந்தால் என் சட்டை படுக்கை விரிப்போடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறது, வாசல் கதவோ உள்ளே தாழிட்டபடி! சட்டையை அப்படியே கழற்றி விட்டுவிட்டு எழுந்து ஓடினேன்.

"ஆஸ்பத்திரியில செத்துப்போன யாரோ நம்ம பொண்ணுகூடவே வந்துட்டாங்க" என்றேன் மனைவியிடம்.

"செத்தவங்களுக்கு உங்க சட்டையில என்னங்க வேலை?" என்றாள். ஆனால் சொல்லிக்கொண்டே தன் பின்னலைத் தடவிப் பார்த்தாள். அதிலும் ஒரு முடிச்சு இருந்தது.

ஆகவே அம்மா, அவளைக் கண் பிரிவுக்கோ தோல் பிரிவுக்கோ மாற்றிவிடுங்கள். இந்த இடத்துக்காக உயிரைக் கொடுத்துப் படித்தவள். தெரிந்தால் என் முகத்தில் விழிக்க மாட்டாள். பரவாயில்லை, பிள்ளை நல்லபடியாக இருந்தால் போதும். தங்கள் கையில் பிறக்கும் குழந்தைகளெல்லாம் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
பயந்துபோன தகப்பன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடவும். மகள் இப்போதுதான் வந்தாள். படுக்கை விரிப்பைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது இடது கைக்காரங்க போட்டதுப்பா. அருமையா இறுகியிருக்கு" என்றாள். இந்த வீட்டில் இடது கைக்காரன் நான் ஒருவன்தான், அதுவும் தூங்கிக்கொண்டிருந்தவன். அவளை எங்கேயும் மாற்ற வேண்டாம். ஆனால் அடுத்த பாடம் கத்தி பிடிப்பதாமே? அதை மட்டும் வீட்டில் பழகக் கூடாது என்று கண்டித்துச் சொல்லுங்கள். அவள் பழகினால் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். மதியத்தில் என் மனைவியும் அதே கட்டிலில்தான் படுக்கிறாள்.