கடமானின் நூற்றியோராவது புல்லுக்கட்டு

ஒரு காட்டில் சிங்கம் ஆண்டது, நரி திட்டம் போட்டது என்று தொடங்கலாம்தான். ஆனால் இந்தக் கதை நடந்த அன்றைக்குக் காடே வருமானச் சான்றிதழுக்கு வரிசையில் நின்றது. வரிசையில் நிற்கும்போது யாரும் யாரையும் தின்னக் கூடாது. அது ஒன்றுதான் அங்கே ஒழுங்காக நடந்த விதி.

நடுவில் பூவரசி என்கிற இளம் கடமான், பக்கத்தில் அவள் அப்பா. காட்டுக் கல்லூரியில் மூலிகை மருத்துவம் படிக்க அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. கட்டணம்தான் கட்ட முடியாது. ஆண்டு வருமானம் நூறு புல்லுக்கட்டைத் தாண்டாத வீட்டுக்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ் மாலைக்குள் போய்ச் சேராவிட்டால் இடமும் இல்லை.

அப்பா நீர்த்துறைக் காவலர். சம்பளம் சரியாக நூறு கட்டு. பிழைத்தோம் என்றிருந்தாள் பூவரசி.

சரிபார்க்கும் அதிகாரி தேவாங்கு. பகலில் அதற்குக் கண் தெரியாது. அலுவலகமோ பகலில் மட்டும்தான் திறந்திருக்கும். படிவத்தை மூக்கோடு ஒட்டிப் படித்தது.

"நூத்தியொண்ணுன்னு போட்டிருக்கே?"

பூவரசி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"பொங்கலுக்கு ஒரு கட்டு போனஸ் குடுத்தாங்களேம்மா."

"அதை ஏம்ப்பா எழுதினீங்க?"

"தின்னோம்ல?"

"வசதியான குடும்பம்" என்று முத்திரை குத்தியது தேவாங்கு. "அடுத்து!"

அடுத்து சிறுத்தை. கூடவே கொழுகொழுவென்று அதன் குட்டி.

"வாங்கண்ணே. வருமானம்?"

"ஒண்ணுமில்ல சார்."

"நேத்து பன்னி அடிச்சதா சொன்னாங்களே?"

"அது நானா எடுத்துக்கிட்டது. யாரு குடுத்தா?"

தேவாங்குக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம், யாருமே எதுவும் குடுக்கறதில்ல" என்று முழு உதவிக்குக் கையெழுத்துப் போட்டது.

பூவரசி விடுவாளா? "சார், இவரு வீட்டுக் கிளையில மூணு பன்னி தொங்குது! எங்ககிட்ட சம்பளச் சீட்டு இருக்கு, அதுதான் நாங்க பண்ண குத்தமா?"

"வாயாடாதே பாப்பா. உனக்கும் வழி இருக்கு. அப்பா இல்லாத பிள்ளைகிட்ட வருமானமே கேக்கக் கூடாதுன்னு விதி."

"எங்கப்பாதான் இங்கயே நிக்கிறாரே!"

சிறுத்தை தொண்டையைக் கனைத்தது. "படிக்கிற புள்ளைக்கு உதவறதுன்னா எனக்கு ரொம்பப் பிடிக்கும். வரிசையை விட்டு அப்படி ஓரமா வந்தாப் போதும். ஒரு நிமிஷ வேலை."

பூவரசி அப்பாவுக்கும் சிறுத்தைக்கும் நடுவில் போய் நின்றாள். அப்பாவோ மேசைப் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்:

"ஹாஸ்டல் கட்டணமும் சேர்த்தா சார்?"

அவ்வளவுதான். அப்பாவைத் தலையால் முட்டி முட்டியே வீடு கொண்டுபோய்ச் சேர்த்தாள் பூவரசி. புல்லை முகர்ந்துகூடப் பார்த்திராத சிறுத்தைக் குட்டி, அடுத்த திங்கட்கிழமை மூலிகை மருத்துவம் சேர்ந்தது.

நீதி: அப்பா உயிரோடு இருப்பதும் வருமானம்தான், படிவத்தில் மறைக்காமல் குறிப்பிடவும்.