இரண்டு தடவை சொன்ன நம்பர்

சின்ன காஞ்சீபுரம்,
வைகாசிக் கடைசி, 2006.

பெங்களூரில், லிஃப்ட் வேலை செய்யாத மூன்றாவது மாடியில் எழுந்தருளியிருக்கும் என் அருமை அக்கா சௌபாக்யவதி அம்ருதவல்லிக்கு, தங்கை லக்ஷணா விழுந்து சேவித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் அம்மா சௌக்கியம், லீவுக்கு நீ விட்டுப்போன உன் பிள்ளை அச்சுத் சௌக்கியம், வரதராஜப் பெருமாள் பரம சௌக்கியம். அப்பா சௌக்கியம் என்று எழுதத்தான் பேனா நகர மாட்டேன் என்கிறது. அவ்விடத்து க்ஷேமங்களுக்குப் பதில் போட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை குழந்தையைக் கூட்டிப்போக வருவாயே, அப்போது சொன்னால் போதும்.

தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். இந்த வீட்டில் இருப்பது ஒரே ஒரு செல்போன். நான் அதில் பேசும்போதெல்லாம் அம்மா பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். தவிர, என் குரலை வைத்தே பொய்யா மெய்யா என்று கண்டுபிடித்துவிடுவாய். காகிதத்துக்குத் தொண்டை கிடையாது. விஷயம் இதுதான்: ஞாயிற்றுக்கிழமை நீ வந்து காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அப்பா உன்னிடம் ஒன்று சொல்லப் போகிறார். இனிமேல் எந்த லீவுக்கும் அச்சுதை இங்கே விடாதே என்று. நீ சரி என்று சொல்லவே கூடாது. ஏன் என்பதற்குத்தான் கீழே வரும் புராணம். நடுவில் பயப்படாதே. கதாநாயகன் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து இந்தப் பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறான்.

முதலில் உன் சட்டதிட்டங்களிலிருந்து ஆரம்பிக்கிறேன். குழந்தை டி.வி. பக்கத்தில் உட்காரக் கூடாது, சாப்பிடும்போது செல்போனில் பாம்பு விளையாட்டு கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாய். பேத்திக்கும் பேரனுக்கும் செல்லம் கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற அப்பா, செல்லம் கொடுக்கவில்லை, செல்லைக் கொடுத்தார். பாம்பு ஒரு புள்ளியை முழுங்கினால் இவன் ஒரு வாய் முழுங்குவான். பாம்பு செத்தால் சாப்பாடும் முடிந்தது. பாவம், பாம்பு ரசம் சாதம் வருவதற்குள் செத்துக்கொண்டிருந்தது. அதற்காக அம்மா ரகசியமாக மத்தியானத்தில் பயிற்சி எடுத்து, இப்போது திரை முழுக்க வளைந்து வளைந்து போகிற மாதிரி பாம்பு வளர்க்கிறாள். மோர் சாதம் இரண்டு தடவை போயும் பாம்பு சாகவில்லை. அச்சுத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "பாட்டி, போறும், பாம்பைக் கொன்னுடு" என்று கெஞ்சினான். அவன் ஒரு சுற்று பெருத்திருப்பதன் காரணம் இதுதான், அம்மாவிடம் கேட்டால் நெய் என்பாள்.

அதற்கப்புறம்தான் நீ எதையோ படித்துவிட்டுப் போனில் ஒரு மணி நேரம் பேசினாயே, குழந்தைகளின் பாதுகாப்பு பற்றி. தெரியாதவர்களிடம் பேர் சொல்லக் கூடாது, வீடு எங்கே என்று சொல்லக் கூடாது, போன் நம்பர் மட்டும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று. பேர் சொல்லாமலிருக்க நான் பழக்கினேன். நம்பருக்குப் பொறுப்பு அப்பா.

அப்பாவுக்கு ஒரு விஷயத்தை மண்டையில் ஏற்றத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான், நம் இருவருக்கும் அப்படித்தானே பாசுரமெல்லாம் ஏற்றினார். அவர் ஒரு தடவை சொல்வார், நாம் இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும். சந்தை சொல்வது என்று பேர், ஆனால் சந்தைக்கடை மாதிரி சத்தம் போடக் கூடாது. தினமும் விடியற்காலை அச்சுதைக் குளிப்பாட்டி, திருமண் இட்டு, எதிரே உட்கார வைத்து, அதே ராகத்தில் "தொண்ணூத்தி நாலு" என்பார். இவன் கைகூப்பிக்கொண்டு "தொண்ணூத்தி நாலு, தொண்ணூத்தி நாலு" என்பான். "நாப்பத்தி மூணு" என்பார். இவன் அதையும் இரண்டு தடவை. கேட்பதற்கு அவ்வளவு அழகாக இருக்கும் அக்கா, அம்மா அடுப்படியிலிருந்து வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு போவாள். முப்பது வருஷமாகக் கணக்கு வாத்தியாராக இருப்பவர், பத்து இலக்கம் குழந்தை வாயில் இருபதாகிக்கொண்டிருப்பதை ஒரு நாளும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை, ஆனால் நான் கணக்கில் எவ்வளவு என்று உனக்கே தெரியும்.

கருட சேவை அன்று அப்பா வழக்கம்போலப் பெருமாளுக்கு முன்னால் போகிற பாராயண கோஷ்டியில் சேர்ந்துகொண்டார். அம்மா வாசலில் நீர்மோர்ப் பானையோடு நின்றாள். அச்சுத் என் இடது கையில், போன் என் வலது கையில். அப்போதுதான் நீ கூப்பிட்டாய். நாதஸ்வரம் கேட்க வேண்டும், போனைத் தூக்கிப் பிடி என்றாய். கூட்டத்துக்கு மேலே தூக்கினேன். ஒரு கை எட்டவில்லை, இரண்டு கையாலும் தூக்கினேன். இறக்கிப் பார்த்தால் பக்கத்தில் யாருடைய பிள்ளையோ பஞ்சு மிட்டாய் தின்றுகொண்டு நின்றது. நம்முடையது இல்லை. அன்று திடீரென்று, சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? சிக்னல் முழுசாக இருந்தது. அச்சுத்தான் இல்லை.

அதற்கப்புறம் நான் எந்தப் பக்கம் ஓடினேன் என்று எனக்கே தெரியாது. காஞ்சீபுரமே தெருவில் நிற்கிறது, அத்தனை பேரும் எனக்கு எதிர்த் திசையில் வருகிறார்கள். அத்தனை பேர் இடுப்பிலும் ஒரு குழந்தை, ஒன்றும் அச்சுத் இல்லை. ஒரே ஒரு தைரியம்: நம்பர் தெரியும், யாரையாவது கேட்டு அடிக்கச் சொல்வான், போன் என் கையில்தான் இருக்கிறது என்று. அது அடிக்கவே இல்லை அக்கா. கையில் கல்லைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற மாதிரி இருந்தது.

உன் பிள்ளை போனது பாம்பு மாதிரி நீளமாக ஊதின பலூனுக்குப் பின்னால். பலூன்காரன் ஒரு சந்தில் மறைந்ததும் அழாமல் அங்கேயே நின்றிருக்கிறான். பிள்ளையார்பாளையத்திலிருந்து சேவிக்க வந்த தையல்நாயகி என்கிற அம்மாள் பார்த்துவிட்டுப் பேர் என்ன என்று கேட்டிருக்கிறாள். உங்கள் பேரை முதலில் சொல்லுங்கோ என்றிருக்கிறான். அவள் சொன்னாள். தெரியாதவர்களிடம் பேர் சொல்லக் கூடாது, நீங்கள் ஏன் சொன்னீர்கள் என்று அவளுக்கே புத்தி சொல்லியிருக்கிறான். வீடு எங்கே என்றால் வாயைப் பொத்திக்கொண்டான். போன் நம்பர் என்றதும்தான் கைகூப்பி ஆரம்பித்தான், தொண்ணூத்தி நாலு, தொண்ணூத்தி நாலு. பத்து இலக்கம் சேர்ந்ததும் போதும் என்று அவள் அடித்துவிட்டாள். போகவில்லை. வெளியூர் நம்பரோ என்று முன்னால் ஒரு பூஜ்யம் போட்டுப் பார்த்தாள். போய்விட்டது, நெல்லூருக்கு.

எடுத்தவர் அங்கே உரக்கடை வைத்திருக்கிற ஒரு மாமா. அவர் தெலுங்கில் என்னவோ சொல்ல, இந்த அம்மாள் அவர்தான் அச்சுதின் அப்பா என்று முடிவே செய்துகொண்டு, "புள்ளைய தெருவுல வுட்டுட்டு தெலுங்குல பேசிக்கினு இருக்குறியா நீ? அது எவ்ளோ கெட்டிக்காரக் கொழந்த தெரியுமாபா உனுக்கு?" என்று ஒரு பிடி பிடித்திருக்கிறாள். அவருக்குப் பிள்ளை என்பதும் தெரு என்பதும் மட்டும் புரிந்து, குழந்தை காணோம் போலிருக்கிறதே என்று பதறிப்போய், அதிலிருந்து கால் மணிக்கொரு தரம் அவரே கூப்பிட்டு "பாபு தொரிகாடா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். பையன் கிடைத்தானா என்று அர்த்தம். தொலைத்த நாங்கள் ஒரு பக்கம், கிடைத்த அவள் ஒரு பக்கம், நடுவில் ஒரு சம்பந்தமும் இல்லாமல் நெல்லூரில் ஒருவர் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

கடைசியில் அவள் இவனைத் தூக்கிக்கொண்டு போலீஸ் பந்தலுக்குப் போனாள். மைக் முன்னால் மேஜை மேல் நிற்க வைத்து, பேரைச் சொல்லுப்பா என்றார்கள். மாட்டேன் என்று தலையாட்டினான். சரி, நம்பரைச் சொல்லு என்றார்கள். தெரு முழுக்கக் கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் திடீரென்று உன் பிள்ளையின் குரல், அப்பாவின் ராகம். தொண்ணூத்தி நாலு, தொண்ணூத்தி நாலு. நாப்பத்தி மூணு, நாப்பத்தி மூணு. ஊரில் பத்துப் பேர் அந்த நம்பரைக் குறித்துக்கொண்டு அடித்திருக்கிறார்கள், அத்தனையும் நெல்லூருக்கு. நான் அடையாளம் கண்டுகொண்டு திரும்பி ஓடினேன். ஆனால் எனக்கு முன்னாலேயே அங்கே வந்துவிட்டிருந்தார் அப்பா.

கோஷ்டி நடுவிலிருந்து வந்திருக்கிறார். பாசுரம் பாதியில் இருக்கும்போது வரிசையைவிட்டு ஒரு அடி நகராதவர். சளி ஜுரத்தோடு நின்றிருக்கிறார், மழையில் நின்றிருக்கிறார். அன்று அங்கவஸ்திரம் எங்கே விழுந்தது என்று இன்று வரை தெரியாது. மேஜையின் மேல் அச்சுத் மூன்றாவது ஜோடியோடு நின்றுபோயிருந்தான். அவனுக்கு எடுத்துக் கொடுக்க எதிரே ஆள் இல்லை, மைக்கையே பார்த்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தான். அப்பா கூட்டத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, அதே ராகத்தில் எடுத்துக் கொடுத்தார்:

"எழுவத்தி எட்டு."

"எழுவத்தி எட்டு, எழுவத்தி எட்டு" என்றான் அவன். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தான். "தாத்தா, நான் யார்கிட்டயும் பேர் சொல்லலை" என்றான்.

அப்பா அவனைத் தூக்கவில்லை அக்கா. மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்துவிட்டார். தையல்நாயகி அம்மாள்தான் அவருக்குச் சோடா வாங்கிக் கொடுத்து, "இன்னா சாமி, கொழந்த தைரியமா நிக்குது, நீ அழுவுற" என்று சமாதானம் செய்தாள். அதற்கப்புறம் நெல்லூருக்கும் தகவல் சொன்னாள்.

அன்றிலிருந்து அப்பா கோஷ்டிக்குப் போகவில்லை. பாதியில் போனதற்காக அங்கே யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அங்கவஸ்திரம் தொலைந்ததற்காக ஒருவர் புதுசே கொண்டுவந்து கொடுத்தார். அது இல்லை அவர் கவலை. அம்மாவிடம் அவர் சொன்னதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் கேட்டேன். "ஒரு நம்பரைக்கூட ஒழுங்கா சொல்லிக் குடுக்கத் தெரியலை நேக்கு. எந்த நம்பிக்கைல அம்ருதா குழந்தையை இங்க விடுவா? நாமளே வேண்டாம்னு சொல்லிடறதுதான் மரியாதை." கையை விட்டது நான். அதை நான் எத்தனை தடவை சொன்னாலும், நீ சின்னப் பொண்ணு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார். நீ கூப்பிடுகிற நேரம் பார்த்துக் குளிக்கப் போகிறாரே, ஒரு மனிதர் ஒரு நாளில் எத்தனை தடவை குளிப்பார் என்று உனக்குச் சந்தேகம் வரவில்லையா?

கடைக்குப் போகும்போது அச்சுத் பழக்கத்தில் அப்பா பக்கமாகக் கையை நீட்டுகிறான். அப்பா அங்கவஸ்திரத்தைச் சரி செய்துகொண்டு, "லக்ஷணா, நீ பிடிச்சுக்கோ" என்கிறார். குழந்தை கையை நீட்டினபடியே கொஞ்ச நேரம் நிற்கிறான். எனக்கு எந்தக் குறும்பும் தோன்றாத நேரம் அது ஒன்றுதான்.

ஆகவே, அக்கா, நீ திட்டுவதானால் என்னைத் திட்டு, நேரில் திட்டு, அத்திம்பேரையும் துணைக்கு வைத்துக்கொண்டு திட்டு. ஆனால் பெங்களூர் பஸ்ஸிலிருந்து இறங்கினதும், அப்பா வாயைத் திறப்பதற்குள், அச்சுதின் கையை எடுத்து அவர் கையில் கொடுத்து, நீங்கள் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு முன்னால் நட. திரும்பிப் பார்க்காமல் நட. அடுத்த லீவு பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பெரியவர்களுக்கு என் சேவிப்பு. அத்திம்பேருக்கு என் மரியாதை, அவர் வாங்கித் தருவதாகச் சொன்ன கைக்கடிகாரத்துக்கு அதைவிட அதிக மரியாதை. நெல்லூர் மாமா எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் கையில் அடி வாங்கக் காத்திருக்கும்,
லக்ஷணா

பின்குறிப்பு (ஒட்டிய பிறகு, கவரின் முதுகில்): அக்கா, இதைப் பிரிக்க வேண்டாம். பசை காய்வதற்குள் நீ கூப்பிட்டாய், அப்பா குளிக்க ஓடினார், நான் அடுப்படியில் இருந்தேன், அச்சுத் எடுத்து முழுவதையும் அவனே உன்னிடம் சொல்லிவிட்டான், பேர் சொல்லாத பெருமை உட்பட. அப்புறம் ஈரத் தலையோடு வெளியே வந்த அப்பாவிடம் போனைக் கொடுத்தான். நீ என்ன சொன்னாயோ தெரியாது. அப்பா "சரிம்மா, சரிம்மா" என்று மட்டும் சொன்னார். அச்சுத் செருப்பை மாட்டிக்கொண்டே எங்களிடம் அறிவித்தான்: "கோவிலுக்குப் போறோம். தாத்தா கையை நான் விடக் கூடாதாம், அம்மா சொன்னா. கூட்டத்துல தாத்தாவுக்கு பயமா இருக்குமாம்." அப்பா கையை நீட்டினார். இப்போதுதான் தெருக்கோடி திரும்புகிறார்கள், தபால்பெட்டியும் அங்கேதான் இருக்கிறது, ஆனால் கொஞ்ச நேரம் கழித்துப் போகலாம் என்று நிற்கிறேன். தபால்காரர் அண்ணா, நீங்கள் இதுவரை படித்தது போதும்.